நோயின் வேர் கண்ட பேரறிஞர்

திருவண்ணாமலை நகரை அடுத்து வேங்கிக்கால் என்னும் ஊர் உள்ளது. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தைத் தன்னகத்தே கொண்ட அவ்வூரில் ஏரி ஒன்றும் உண்டு. ஏரிப் பாசனத்தின் இயல்பை நம் நாட்டு மாணவர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. மழைக்காலத்தில் மேட்டு நிலத்தினின்று இறங்கும் சிற்றோடைகள் ஒன்றோடொன்று கூடி, போகப் போக அகன்று, ஏரியை அடைகின்றன. ஏரியின் மதகினின்று புறப்படும் நீரோ வாய்க்காலாகவும் கிளை வாய்க்காலாகவும் பிரிந்து, போகப் போகக் குறுகி, வயல்களிற் பாய்கின்றது. நீர் தேங்கி நிற்கும் ஓடை ஒன்றில் செத்தையும் சேறும் திரண்டு, ஒருநாள் கரையினின்று பெயர்ந்து மிதந்து வருவதாகக் கொள்வோம். ஓடைகள் அகன்றுகொண்டே வருவதால் அத்திரள் வழியில் எங்கும் தங்காது; ஏரியையும் கடந்துவிடும். மதகுக்கு அப்பால் வாய்க்கால் குறுகும் இடத்திலேதான் அது சிக்கிக்கொள்ளும். அதன்பின் கீழேயுள்ள வயல்கள் நீரின்றி வாடும்.

வாடிய வயலிலேயே நின்று காரணத்தைத் தேடும் உழவன் அதனைக் காணமாட்டான். வாய்க்கால் வழியே மேல்நோக்கி நடப்பவனே அடைப்பைக் காண்பான். இன்னும் மேலே நடப்பவனே அச்செத்தை எங்கிருந்து வந்தது என்பதை அறிவான்.

மனித உடலிலும் இத்தகைய அடைப்பு நேர்வதுண்டு. காலிலுள்ள குருதிக்குழாய் ஒன்றில் உறைந்த கட்டி பெயர்ந்து சென்று, நுரையீரலின் குழாயை அடைத்துவிடும். நலமாக இருந்தவர் திடீரென மூச்சுத் திணறி வீழ்வர். இதற்குரிய காரணத்தை மருத்துவர் பலர் நெடுங்காலம் நுரையீரலிலேயே தேடி வந்தனர். வாய்க்கால் வழியே மேலே நடந்து சென்ற உழவனைப்போல, நோயின் வேரைத் தேடிச் சென்று நிறுவியவர் ருடால்ப் விர்ச்சோ என்னும் செருமானிய அறிஞர் ஆவார். அவருடைய வாழ்க்கை வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

விர்ச்சோ 1821ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 13ஆம் நாள், பிரசிய நாட்டின் பொமரேனியாப் பகுதியிலுள்ள ஷிவல்பைன் என்னும் சிறு நகரிற் பிறந்தார். அந்நகர் இன்று போலந்து நாட்டில் ஸ்விட்வின் என்னும் பெயரோடு விளங்குகின்றது. அவர்தம் தந்தையார் வேளாண்மை செய்தவர். நகரின் கருவூலப் பணியையும் மேற்கொண்டிருந்தவர். பெற்றோர்க்கு விர்ச்சோ ஒரே மகன். குடும்பம் செல்வ வளம் மிக்கதன்று; எனினும் மகனுடைய அறிவுக்கூர்மை இளமையிலேயே புலனாயிற்று. அக்காலத்தில் பெர்லின் நகரில், பொருள்வளம் இல்லாத நன்மாணாக்கரைச் சேர்த்துப் படைமருத்துவராகப் பயிற்றும் கல்விக்கூடம் ஒன்று இருந்தது. 1839ஆம் ஆண்டில் விர்ச்சோ அதிற் சேர்ந்தார். ஆங்கு யொகான்னஸ் முல்லர் என்னும் பெரும்பேராசிரியரிடம் பாடம் கேட்டார். முன்னோர் நூல்களில் உள்ளது என்பதற்காக எதனையும் ஏற்றுக்கொள்ளாமல், கண்ணாற் கண்டும் உருப்பெருக்கியால் ஆராய்ந்தும் தெளிதல் வேண்டும் என்னும் நெறியை அவர் அங்கே கற்றார். 1843ஆம் ஆண்டில் மருத்துவப் பட்டமும் பெற்றார்.

பட்டம் பெற்ற இளைஞர் பெர்லினிலுள்ள சாரிட்டே மருத்துவமனையிற் பணியில் அமர்ந்தார். ஆங்குப் பிணங்களை அறுத்து நோய்க்குறிகளை ஆராயும் பகுதிக்கு இராபர்ட் பிரோரிப் என்பவர் தலைவராக இருந்தார். அவருக்குத் துணைவராகிய விர்ச்சோவிடம் அவர் ஓர் ஆராய்ச்சியை ஒப்புவித்தார். குருதிக்குழாய்களில் அழற்சி ஏற்படுவது எவ்வாறு என்பதே அவ்வாராய்ச்சி.

அந்நாளில் மருத்துவ உலகில் பாரிசு நகரத்துப் பேராசிரியர் குருவெயே என்பவரின் கொள்கை செல்வாக்குப் பெற்றிருந்தது. குழாயின் சுவர் அழற்சியுறுவதே எல்லா நோய்க்கும் அடிப்படை என்றும், அழற்சியுற்ற இடத்திலேயே குருதி உறைகின்றது என்றும் அவர் கருதினார். ஆகவே, இறந்தவருடைய நுரையீரற் குழாயிற் குருதிக்கட்டி காணப்பட்டால், அஃது அங்கேயே தோன்றியது என்பது பொதுவான எண்ணம். பெரும்புகழ் வாய்ந்த முதியவர் ஒருவரின் கொள்கையை, இருபத்து நான்கு வயதுகூட நிரம்பாத இளைஞர் ஒருவர் ஆராயத் தொடங்கினார்.

மருத்துவமனைகளில் ஒரு துயரக் காட்சி அடிக்கடி நிகழ்ந்து வந்தது. எலும்பு முறிந்து நெடுநாள் படுத்திருந்தவர், அறுவை மருத்துவம் செய்துகொண்டவர், மகப்பேறு அடைந்த தாயர் ஆகியோர் நலமடைந்து வருவர். வீட்டுக்குச் செல்லும் நாளை அவர்தம் சுற்றத்தார் எதிர்நோக்கியிருப்பர். அந்நிலையில் ஒருநாள் அவர் எழுந்து அமர்வார். அல்லது இரண்டடி நடப்பார். திடீரென மூச்சு வாங்கும், மார்பைப் பிடித்துக்கொள்வார், முகம் வெளிறும், சிறிது நேரத்தில் உயிர் பிரியும். அருகிலிருந்த மருத்துவர் செய்வதறியாது நிற்பர். இஃது எதிர்பாராத விதியின் செயல் என்று பலர் எண்ணி அமைதி கொண்டனர். விர்ச்சோ அவ்வாறு அமைதி கொள்ளவில்லை.

அவர் இறந்தவர்களின் உடல்களை ஒன்றன்பின் ஒன்றாக அறுத்து ஆராய்ந்தார். நுரையீரலை மட்டும் பார்த்து நிறுத்திக்கொள்ளாமல், குருதி வரும் வழியெல்லாம் தேடிச் சென்றார். நுரையீரற் குழாயில் கட்டி இருந்த உடல்களுள் பலவற்றில், கால்களிலோ இடுப்பிலோ உள்ள குழாய்களிலும் கட்டிகள் இருப்பதை அவர் கண்டார். காலிலிருந்த கட்டியின் முனை முறிந்து காணப்பட்டது. நுரையீரலில் இருந்த துண்டு, அம்முறிந்த முனையினின்று பிரிந்து வந்ததற்குரிய தோற்றத்தைக் கொண்டிருந்தது. அத்துண்டைச் சூழ்ந்த குழாயின் சுவரோ அழற்சி இன்றித் தெளிவாக இருந்தது. அங்கேயே தோன்றிய கட்டியாயின் சுவர் அவ்வாறு இருத்தல் இயலாது என்று அவர் எண்ணினார்.

குருதி உடலிற் சுற்றி வருகின்றது என்பதை ஆங்கில மருத்துவர் வில்லியம் ஆர்வி 1628ஆம் ஆண்டிலேயே நூலாக எழுதி வெளியிட்டிருந்தார். இதயத்தை நோக்கிக் குருதியைக் கொண்டுவரும் குழாய்கள் சிரைகள் எனப்படும். இதயத்தினின்று குருதியைக் கொண்டுசெல்லும் குழாய்கள் தமனிகள் எனப்படும். காலினின்று புறப்படும் சிரைகள் ஒன்றோடொன்று கூடி அகன்றுகொண்டே சென்று, இதயத்தின் வலப்பக்கத்தை அடைகின்றன. ஆங்கிருந்து நுரையீரலுக்குச் செல்லும் தமனியோ கிளைகளாகப் பிரிந்து குறுகிக்கொண்டே போகின்றது. ஆதலின், காலிலிருந்து பெயர்ந்த கட்டி அகன்ற வழியில் எங்கும் தடைப்படாமல் இதயத்தையும் கடந்து, முதன்முதலாகக் குறுகிய வழியைச் சந்திக்கும் இடம் நுரையீரலே ஆகும். ஏரியைக் கடந்த செத்தை வாய்க்காலிற் சிக்குவது போன்றதே இது.

கண்டதைக் கொண்டு கருதியதை மெய்ப்பித்துக் காட்டவும் விர்ச்சோ முனைந்தார். நாய்களின் கழுத்திலுள்ள சிரையைத் திறந்து, அதனுள் சிறு இரப்பர்த் துண்டுகளையும் உறைந்த குருதித் துண்டுகளையும் செலுத்தினார். பின்னர் அவற்றின் நுரையீரலை ஆராய்ந்தபோது, செலுத்திய துண்டுகள் நுரையீரல் தமனியின் கிளைகளிற் சிக்கியிருந்தன. இரப்பர் நுரையீரலில் தானே தோன்றுவதன்று. எங்கோ புகுந்த பொருள் குருதியோட்டத்தால் அடித்துச் செல்லப்பட்டு நுரையீரலை அடைக்கும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ? 1846ஆம் ஆண்டில் அவர் இம்முடிவுகளை வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது இருபத்து நான்கு. குழாயில் குருதி உறைந்து கட்டியாதலுக்குத் திராம்போசிஸ் என்றும், கட்டி பெயர்ந்து சென்று பிறிதோரிடத்தை அடைத்தலுக்கு எம்பாலிசம் என்றும் வழங்கும் பெயர்கள் அவரால் மருத்துவ உலகில் நிலைபெற்றன.

கால் என்னும் சொல்லுக்குத் தமிழிற் பொருள் பல. உடலைத் தாங்கும் உறுப்பும் கால். நீர் செல்லும் வழியும் கால். பழந்தமிழில் காற்றும் கால் எனப்பட்டது. காலில் தோன்றி, உடலின் கால்வாய் வழியே சென்று, உயிர்க்காற்றை நிறுத்தும் இந்நோயின் இயல்பை நினைவில் இருத்திக்கொள்ளத் தமிழ் மாணவர்க்கு இந்த ஒரு சொல்லே போதும்.

இனி, இந்நோயை அறிந்துகொள்வதற்குரிய குறிகள் யாவை என்பதைக் காண்போம். முதன்மையான குறி திடீரெனத் தோன்றும் மூச்சுத் திணறலாகும். ஓடியாடிய களைப்பினால் உண்டாகும் இளைப்பு சற்றே அமர்ந்தால் தணிந்துவிடும். இந்நோயின் இளைப்போ பெரும்பாலும் அமர்ந்திருப்பினும் தணிவதில்லை. இரண்டாவது குறி மார்பு வலி. மூச்சை ஆழ இழுக்கும்போது கத்தியாற் குத்துவதுபோல் அது மிகும். நுரையீரலை மூடியுள்ள மெல்லிய உறை பாதிக்கப்படுவதே அதற்குக் காரணம். சிலர்க்கு இருமலும், அதனோடு சிறிது குருதியும் வரும். காற்று போதாமையால் மூச்சு விரைவாக ஓடும். அடைப்பை மீறிக் குருதியைத் தள்ள இதயம் முயல்வதால் நாடித்துடிப்பு நிமிடத்திற்கு 100க்கு மேற் செல்லும். கட்டி பெரிதாயின் இதயத்தினின்று குருதி வெளிப்படுவது குறைந்து, நோயாளி மயங்கி வீழ்வர். இரத்த அழுத்தம் தாழும்.

இவையனைத்தும் மார்பிற் காணும் குறிகள். மாரடைப்பு, நிமோனியா, ஆஸ்துமா ஆகிய நோய்களிலும் இவற்றுட் சில காணப்படும். ஆதலின் மார்பை மட்டும் நோக்கும் மருத்துவர் ஏமாறக்கூடும். விர்ச்சோவின் ஆராய்ச்சி மருத்துவர்க்குக் கற்பித்தது யாதெனின், மார்பு வலிக்கும்போது காலையும் பார்க்க வேண்டும் என்பதே. ஒரு கால் மட்டும் வீங்கியிருத்தல், கெண்டைச் சதையில் வலி, தொட்டால் வெப்பம், தோல் சிவத்தல் ஆகியவை காலிலே கட்டி இருப்பதற்குரிய குறிகள். இக்குறிகள் எல்லாம் எல்லோரிடமும் காணப்படுவதில்லை. சிலர்க்குக் காலில் யாதொரு மாற்றமும் வெளியே தெரியாது. ஆதலின் நோயாளி அண்மையிற் படுக்கையில் கிடந்தாரா, அறுவை மருத்துவம் செய்துகொண்டாரா, மகப்பேறு அடைந்தாரா, நெடுந்தொலைவு அமர்ந்தே பயணம் செய்தாரா, முன்னரும் இந்நோய் வந்ததுண்டா என்று வினவி அறிதல் வேண்டும். குறியும் வரலாறும் சேர்ந்தே நோயைக் காட்டும்.

இவ்வினாக்களுக்கும் அடிப்படை விர்ச்சோவின் ஆராய்ச்சியே. குருதி மூன்று காரணங்களால் குழாயில் உறைகின்றது. ஓட்டம் தளர்ந்து தேங்குதல் ஒன்று. குழாயின் சுவர் புண்படுதல் மற்றொன்று. குருதியின் இயல்பே எளிதில் உறையுமாறு மாறுதல் பிறிதொன்று. விர்ச்சோவின் எழுத்துகளில் ஆங்காங்கு இருந்த இக்கருத்துகளைப் பிற்கால மருத்துவர்கள் ஒன்றுசேர்த்து, அவர் பெயராலேயே விர்ச்சோவின் மும்மை என்று வழங்குகின்றனர். படுக்கையிற் கிடப்பவர் காலில் குருதி தேங்குகின்றது. எலும்பு முறிவில் குழாயின் சுவர் புண்படுகின்றது. மகப்பேற்றுக் காலத்திலும் புற்றுநோயிலும் குருதி எளிதில் உறைகின்றது. முன்பு விதியின் செயல் என்று எண்ணப்பட்ட இறப்புகளுக்கு இவ்வாறு காரணம் தெரியலாயிற்று.

நோயின் வேரைத் தேடும் இப்பண்பு விர்ச்சோவை மருத்துவமனைக்கு வெளியேயும் அழைத்துச் சென்றது. 1848ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பிரசியாவின் மேல் சைலீசியப் பகுதியில் டைபசுக் காய்ச்சல் பரவி மக்கள் பெருந்தொகையினராக மாண்டனர். அரசாங்கம் விர்ச்சோவை அங்கு அனுப்பியது. ஏறத்தாழ மூன்று வார காலம் அவர் அப்பகுதியிற் சுற்றினார். குடிசைகளுள் நுழைந்து பார்த்தார். பசியால் மெலிந்த மக்களையும், நெருக்கமான இருண்ட வீடுகளையும், எழுத்தறிவின்மையையும், அவர்தம் துயரைக் கேளாத ஆட்சியையும் கண்டார். மருந்து சில கூறி அறிக்கையை முடித்துவிடுவார் என்று அரசினர் எதிர்பார்த்திருக்கலாம். விர்ச்சோவின் அறிக்கையோ வேறு வகையாக அமைந்தது. அம்மக்களுக்குக் கல்வி வேண்டும். அதுவும் அவர்கள் பேசும் போலந்து மொழியிலேயே வேண்டும். உழைப்புக்கேற்ற வாழ்வு வேண்டும். தம்மைத் தாமே ஆளும் உரிமை வேண்டும் என்று அவர் எழுதினார். நோய் குடிசையில் இருந்தது. அதன் வேர் ஆட்சியில் இருந்தது என்பது அவர்தம் முடிவு.

அவர் பெர்லினுக்குத் திரும்பிய சின்னாளில், அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில், மக்கட் புரட்சி மூண்டது. விர்ச்சோவும் மக்களோடு தெருவில் நின்றார். மருத்துவச் சீர்திருத்தத்திற்கென்று கிழமை இதழ் ஒன்றையும் நடத்தினார். புரட்சி அடங்கிய பின், 1849இல் அதன் விளைவை அவர் ஏற்க வேண்டியதாயிற்று. சாரிட்டே மருத்துவமனையில் அவருக்கு இடையூறுகள் மிகுந்தன. அவர் பெர்லினை விட்டு நீங்கி, வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் நோய்க்கூற்றியற் பேராசிரியரானார். ஆங்குக் கழித்த ஏழாண்டுகளும் வீண்போகவில்லை. மாணாக்கர் பலர் அவரை நாடி வந்தனர். 1856ஆம் ஆண்டில் பெர்லின் பல்கலைக்கழகமே அவரைத் திரும்ப அழைத்தது. அவருக்கெனப் புதிய ஆராய்ச்சி நிலையம் ஒன்றையும் அமைத்துத் தந்தது. நுரையீரல் அடைப்புப் பற்றிய தம் கட்டுரைகளை விரித்துத் தொகுத்து அவர் நூலாக்கியதும் அவ்வாண்டிலேதான்.

1858ஆம் ஆண்டில், தாம் நிகழ்த்திய இருபது சொற்பொழிவுகளை விர்ச்சோ ஒரு நூலாக வெளியிட்டார். உடல் எண்ணற்ற உயிரணுக்களால் ஆயது. ஓர் உயிரணு மற்றோர் உயிரணுவினின்றே தோன்றுகின்றது. நோய் என்பது உயிரணுக்களில் நிகழும் மாற்றமே என்னும் கருத்துகளை அந்நூல் நிலைநாட்டியது. நோய்க்குரிய உறுப்பை ஆராய்ந்து வந்த மருத்துவ உலகம் அன்று முதல் உயிரணுவை ஆராயத் தலைப்பட்டது. இன்றும் உடலினின்று சிறு சதைத்துண்டை எடுத்து உருப்பெருக்கியின்கீழ் வைத்துப் புற்றுநோயைக் காணும் மருத்துவர், விர்ச்சோ வகுத்த வழியிலேயே செல்கின்றனர்.

மக்கள் நலத்தை அவர் மறந்தாரல்லர். 1859இல் பெர்லின் நகரமன்றத்தின் உறுப்பினரானார். 1861இல் பிரசியச் சட்டமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1880 முதல் 1893 வரை செருமானிய நாடாளுமன்றத்திலும் பணியாற்றினார். கழிவுநீர் தெருவில் ஓடிய பெர்லின் நகருக்கு நிலத்தடிக் கழிவுநீர்க் கால்வாய்கள் அமைக்க வேண்டும் என்று வற்புறுத்தி, அத்திட்டம் 1870களில் நிறைவேறத் துணை நின்றார். இறைச்சியை ஆய்ந்த பின்னரே விற்க வேண்டும் என்பதற்காகவும் உழைத்தார். தலைமை அமைச்சர் பிஸ்மார்க்கின் போக்கைச் சட்டமன்றத்தில் அஞ்சாது எதிர்த்தார். சினமுற்ற பிஸ்மார்க் 1865ஆம் ஆண்டில் அவரை வாட்போர் போன்றதொரு தனிப்போருக்கு அறைகூவி அழைத்தார். அறிவால் தீர்க்க வேண்டியதை ஆயுதத்தால் தீர்த்தல் முறையன்று என்று கருதிய விர்ச்சோ அதற்கு உடன்படவில்லை.

பெரியோரிடத்தும் குறை உண்டு. அதனை மறைத்துக் கூறுதல் வரலாறாகாது. மகப்பேற்றுக் காய்ச்சல் மருத்துவரின் கைகள் வழியே பரவுகின்றது என்று செம்மல்வைஸ் என்னும் மருத்துவர் கண்டு கூறியபோது, விர்ச்சோ அதற்கு ஆதரவு தந்தாரல்லர். இராபர்ட் கோக் 1882ஆம் ஆண்டில் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்து வெளியிட்டபோதும் அவர் ஐயத்தோடேயே நோக்கினார். சைலீசியாவிற் பரவிய டைபசுக் காய்ச்சலைப் பேன்களே பரப்புகின்றன என்பதும் அவர் மறைந்த பின்னர், 1909ஆம் ஆண்டில், சார்லசு நிக்கோல் என்பவராற் கண்டறியப்பட்டது. குருவெயேயின் புகழுக்கு அஞ்சாமல் உண்மையை நாடிய இளைஞர், முதுமையில் தம்மினும் இளையோர் கூறிய உண்மையை ஏற்கத் தயங்கினார். தாம் கண்ட வேர்களுக்கும் அப்பால் வேறு வேர்கள் இருத்தல் கூடும் என்பதை ஒப்புக்கொள்வது எத்துணை அரிது என்பதற்கு அவர் வாழ்வே சான்றாகின்றது.

1901ஆம் ஆண்டில் அவருடைய எண்பதாம் பிறந்தநாளைப் பல நாட்டு அறிஞர்களும் கொண்டாடினர். மறு ஆண்டு சனவரித் திங்களில், ஓடிக்கொண்டிருந்த டிராம் வண்டியினின்று இறங்கும்போது அவர் கீழே வீழ்ந்தார், தொடையெலும்பு முறிந்தது. அதுகாறும் ஓயாது உழைத்தவர் படுக்கையிற் கிடக்க நேர்ந்தது. மீண்டும் பழைய வலிமையை அடையாமலே, 1902ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 5ஆம் நாள் பெர்லினில் அவர் இயற்கை எய்தினார். இதயம் தளர்ந்தமையே இறப்புக்குக் காரணமாகக் கூறப்பட்டது.

அவர் காலத்தில் நோயின் வேர் தெரிந்தது. ஆனால் அதனைத் தீர்க்கும் வழி தெரியவில்லை. குருதி உறைவதைத் தடுக்கும் எப்பாரின் என்னும் பொருளை 1916ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் மக்லீன் என்னும் மருத்துவ மாணவர் கண்டறிந்தார். அது மருந்தாகப் பயன்படப் பல்லாண்டுகள் ஆயின. 1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து மருத்துவர்களாகிய பாரிட், ஜோர்டான் ஆகிய இருவரும் ஓர் ஆய்வின் முடிவை வெளியிட்டனர். நுரையீரல் அடைப்புற்ற 35 பேருள் உறைவைத் தடுக்கும் மருந்து பெறாதவர் 19 பேர். அவர்களுள் 5 பேர் அந்நோயாலேயே மாண்டனர். மருந்து பெற்றவர் 16 பேர். அவர்களுள் ஒருவரும் அந்நோயால் மாண்டிலர். அந்நோயாளிகளைக் கண்டறிய இன்றுள்ள கருவிகள் பல அன்று இல்லை. பெரும்பாலும் முன்னர்க் கூறிய குறிகளைக் கொண்டே மருத்துவர் நோயை உணர்ந்தனர். குறிகளை உணர்ந்தமையால் மருந்து கிடைத்தது; மருந்து கிடைத்தமையால் உயிர் நிலைத்தது.

இன்று சி.டி. ஸ்கேன் கருவி நுரையீரற் குழாயின் அடைப்பைப் படம் பிடித்துக் காட்டுகின்றது. டி-டைமர் என்னும் குருதிச் சோதனையும் உண்டு. யாரை இச்சோதனைகளுக்கு அனுப்ப வேண்டும் என்பதை முடிவு செய்யக் கனடா நாட்டு மருத்துவர் பிலிப் வெல்ஸ் என்பாரும் அவர்தம் குழுவினரும் ஓர் அளவையை வகுத்தனர். காலில் வீக்கம், நாடியின் விரைவு, அண்மையிற் படுக்கையில் இருந்தமை, இருமலிற் குருதி முதலிய குறிகளுக்கு மதிப்பெண் இட்டுக் கூட்டிப் பார்ப்பதே அவ்வளவை. கருவிகள் எத்துணைப் பெருகினும், முதலில் ஐயுற வேண்டியது மனித அறிவே. ஐயுறாத இடத்திற் கருவிக்கு வேலையில்லை.

மருத்துவராக வேண்டும் என்னும் எண்ணம் இல்லாத மாணவரும் இவற்றை அறிந்திருத்தல் நன்று. முழுநிலா நாள்களில் திருவண்ணாமலைக்கு வருவோர் பலர் பேருந்தில் நெடுநேரம் அமர்ந்து வந்து, பின்னர் 14 கிலோமீட்டர் மலையை வலம் வருகின்றனர். அவருள் ஒருவர் திடீரென மூச்சுத் திணறி மார்பைப் பிடித்துக்கொண்டால், அது நடந்த களைப்பு என்று எண்ணி வாளாவிருத்தல் கூடாது. 108 என்னும் எண்ணை அழைத்து உடனே மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும். நம் வீட்டிலும் மகப்பேறு அடைந்த தமக்கையோ, அறுவை மருத்துவம் செய்துகொண்ட பாட்டியோ ஒரு கால் மட்டும் வீங்கி வலிக்கின்றது என்று கூறினால், தைலம் தேய்த்து அழுந்தப் பிடித்துவிடுதல் தவறாகும். கட்டி பெயர்ந்து செல்ல அதுவே வழியாகிவிடக்கூடும். காலம் தாழ்த்தாமல் மருத்துவரிடம் காட்டுதலே முறை. நெடும்பயணத்தில் இடையிடையே எழுந்து நடப்பதும், தண்ணீர் அருந்துவதும், மருத்துவர் இசைவளித்தால் படுக்கையில் உள்ளவர் விரைவில் எழுந்து நடமாடுவதும் கட்டி தோன்றாமல் காக்கும் வழிகளாகும்.

நோயை அறிந்த பின் அதன் காரணத்தையும் ஆராய்ந்தே மருத்துவம் செய்தல் வேண்டும் என்று திருவள்ளுவர் வகுத்த நெறியை, அவரை அறியாமலே தம் வாழ்வில் நடத்திக் காட்டியவர் விர்ச்சோ. துன்பம் தோன்றும் இடத்திலேயே நின்றுவிடாமல், அது தொடங்கிய இடம்வரை பொறுமையோடு நடந்து சென்றமையே அவர்தம் பெருமைக்குக் காரணம். அவர் கண்டறிந்த உண்மையால் இன்று உலகெங்கும் மருத்துவமனைகளில் எண்ணற்ற நோயாளிகள் நலமுற்று நடந்து வீடு திரும்புகின்றனர். அவர்களுட் பெரும்பாலோர் விர்ச்சோவின் பெயரைக் கேட்டறியாதவர்கள். ஆயினும், அவர்கள் தடையின்றி இழுத்துவிடும் ஒவ்வொரு மூச்சும் அப்பேரறிஞரின் உழைப்புக்கு உலகம் அளிக்கும் நன்றிக்காணிக்கையாகும்.